ஒரு ஸ்லைடு போதும்

ஆஸ்பத்திரியின் திசுப் பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லோரும் ரிப்பன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். உடம்பிலிருந்து வெட்டி அனுப்பும் சதைத் துண்டை மெழுகில் புதைத்து, அந்த மெழுகுக் கட்டியை மெஷினில் பொருத்திச் சீவினால், தலைமுடியைவிட மெல்லிய சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நாடாவாக இறங்கும். அவள் கையில் அந்த நாடா அறுந்ததே இல்லை என்பார்கள். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் டாக்டர்களின் மேசைக்கு அனுப்புவாள். பத்தொன்பது வருடமாக இதுதான் வேலை.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பெரிய கட்டடங்களின் லிஃப்ட் குழிக்குள் இறங்கி, கம்பி வடத்தையும் பிரேக்கையும் பார்த்துவிட்டு, கதவோரம் தொங்கும் அட்டையில் தேதியும் கையெழுத்தும் போட்டுவிட்டு வருவார். ஐம்பத்தோரு வயது. ஜலதோஷம் என்று ஒருநாள்கூடப் படுத்தவரில்லை. அதனால் இடது மூக்கு அடைத்தபோது, குழிக்குள் இருக்கும் தூசிதான் காரணம் என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அடைப்பு ஒரு மாதமாகியும் விடவில்லை. கைக்குட்டையில் ரத்தக் கறை பட ஆரம்பித்தது. பிறகு வாடை வந்தது. அழுகிய வாடை. அவருக்கு அது தெரியவில்லை; வீட்டில் மற்றவர்களுக்குத் தெரிந்தது. கல்லூரியில் படிக்கும் மகள் படிக்க வேண்டும் என்று சொல்லித் தட்டைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்ச் சாப்பிட்டாள். ரிப்பன் அக்கா மட்டும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள், மூச்சை வாயால் விட்டுக்கொண்டு.

காது மூக்கு தொண்டை டாக்டர் மூன்று விதமான மாத்திரை கொடுத்துப் பார்த்தார். கேட்காததால் மூக்கினுள் குழாய் விட்டுப் பார்த்து, கறுத்துப்போயிருந்த இடத்தில் கொஞ்சம் கிள்ளியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். இரண்டே துண்டு. கடுகளவுதான் இருக்கும். மறுநாள் காலை அவை மெழுகுக் கட்டியாக அவள் மெஷின் முன்னால் இருந்தன.

சின்னத் துண்டாக வந்தால் மூன்று ஆழங்களில் சீவி மூன்று ஸ்லைடு போட வேண்டும் என்று சுவரில் ஒட்டிய விதிமுறைத் தாளில் இருந்தது. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன்னால் ஸ்லைடு தட்டுப்பாடு வந்தபோது தலைமை டாக்டர் கூடத்துக்கு வந்து, ஒரு ஸ்லைடு போதும், சந்தேகம் இருந்தால் நானே கேட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார். தட்டுப்பாடு நான்கு மாதத்தில் தீர்ந்துவிட்டது. அவர் சொன்ன பேச்சு மட்டும் தீரவில்லை. சுவரில் தாள் அது பாட்டுக்கு இருந்தது, கூடத்தில் வேலை அது பாட்டுக்கு நடந்தது.

அன்று அவள் முதல் நாடாவை எடுத்து ஸ்லைடில் ஏற்றியதும் கை கொஞ்சம் நின்றது. இன்னும் இரண்டு போட்டால் என்ன என்று தோன்றியது. தன் வீட்டுக்காரர் என்பதற்காகத் தனிக் கவனிப்பா என்று பக்கத்து மேசைக்காரி நினைப்பாளோ என்றும் தோன்றியது. எல்லோருக்கும் என்னவோ அதுதான் அவருக்கும் என்று கட்டியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாள். அந்த நேர்மையை நினைத்து அன்றைக்குச் சின்னப் பெருமைகூட இருந்தது.

ரிப்போர்ட்டை அவள்தான் முதலில் படித்தாள். செத்த திசு, அழற்சி, புற்றுநோய் அணுக்கள் காணப்படவில்லை என்று எழுதித் தலைமை டாக்டர் கையெழுத்துப் போட்டிருந்தார். படியில் ஓடி இறங்கிக் கணவருக்குப் போன் செய்தாள். மாலையில் மூன்று பேரும் ஓட்டலுக்குப் போனார்கள். "புருஷன் மூக்கையே வெட்டிப் பாத்தவ ஊருலயே நீ ஒருத்திதான்" என்று அவர் சொல்ல, மகள் சிரித்துச் சிரித்துப் புரையேறிக்கொண்டாள்.

அதன் பிறகு ஐந்து மாதம் ஓடியது. புற்றுநோய் இல்லை என்று காகிதம் சொல்லிவிட்டதால் எல்லோரும் வேறு வேறு வாசலைத் தட்டினார்கள். முதலில் பூஞ்சை என்றார்கள். ஆபரேஷன் செய்து சுரண்டினார்கள். அந்தச் சதையிலும் பெரும்பாலும் செத்த திசுதான் இருந்தது. ரிப்போர்ட்டிலும் அதே வரிகள். பிறகு ரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம் என்று ஸ்டீராய்டு கொடுத்தார்கள். மந்திரம் போட்டதுபோல் வீக்கம் வடிந்தது. வாடை போனது. ஸ்டீராய்டில் முகம் உப்பி, "பாரு, மாப்பிள்ளைக் களை வந்திருச்சு" என்று கண்ணாடி முன்னால் நின்று மீசையை நீவிக்கொண்டார். மூன்று வாரம் வேலைக்கும் போனார்.

நான்காவது வாரம் ஒரு காலையில் தண்ணீர் குடித்தவருக்கு அது மூக்கு வழியாக வந்தது. அவள் டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தாள். மேலண்ணத்தில் கறுத்த ஓரத்தோடு ஒரு ஓட்டை. சட்டைப் பொத்தானளவு இருக்கும்.

அன்றிலிருந்து அவர் பேச்சு குழறிப்போனது. போனில் பேசினால் எதிர்முனையில் இருப்பவர் மூன்று தரம் கேட்பார். அதனால் பேசுவதைக் குறைத்துக்கொண்டு, போனில் எழுதிக் காட்ட ஆரம்பித்தார். அவருடைய அக்கா வந்து தம்பியைப் பார்த்துவிட்டு, சமையலறைக்கு வந்து கதவோரம் நின்றாள். பத்தொன்பது வருஷமா ஆஸ்பத்திரியிலேயே குப்பை கொட்டுறியே, உன் புருஷனுக்கு என்ன வியாதின்னு ஒரு டாக்டரைக் கேட்டுச் சொல்ல நாதியில்லையா என்றாள்.  அவள் கேட்காத டாக்டர் இல்லை.

மூன்றாம் முறை சதை எடுத்தபோது அது புதிதாகச் சேர்ந்திருந்த டாக்டரம்மாவின் மேசைக்குப் போனது. முப்பது வயதுகூட ஆகாத பெண். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அதிகம் பேசமாட்டாள். ஸ்லைடை எடுத்துக்கொண்டு நேராக ரிப்பன் அக்காவின் மெஷினுக்கு வந்து, இந்தக் கட்டியில் இன்னும் ஆழமாகப் போய்ப் பன்னிரண்டு ஸ்லைடு வேண்டும், சாயம் ஏற்ற வேண்டாம், வெளியூருக்கு அனுப்பி விசேஷச் சாயம் போட்டுப் பார்க்கப் போகிறேன் என்றாள்.

"யாரோடதுன்னு தெரியுமா டாக்டர்?" என்று அவள் கேட்டாள்.

தெரியாது என்று சொல்லிப் படிவத்தைப் பார்த்தவள், மனைவி என்ற இடத்தில் இருந்த பெயரைப் படித்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மெதுவாகச் சொன்னாள்.

"நிணநீர் அணுவில வர்ற புத்துநோய்னா எல்லாரும் கழுத்துல, அக்குள்ல கட்டி இருக்கான்னுதான் பாப்பாங்க. இது ஒரு அபூர்வ வகை. கட்டி வர்ற இடத்துல வராம மூக்குல வந்து உக்காரும். சிலருக்குத் தோல்ல, சிலருக்குக் குடல்ல. ரத்தக் குழாய்ச் சுவத்துக்குள்ள பூந்து அடைச்சிரும். ரத்தம் போகாம சுத்தியுள்ள சதை செத்துப்போகும். கிள்ளி எடுத்தா கையில வர்றது அந்தச் செத்த சதைதான். நோய் கொஞ்சம் தள்ளி உயிரோட உக்காந்திருக்கும்க்கா. அதையும் சாதாரணச் சாயத்துல பாத்தா வெறும் அழற்சி மாதிரியே தெரியும்."

"ஸ்டீராய்டுல குறைஞ்சுதே?"

"அதுல கொஞ்ச நாள் அடங்கும். அடங்கி நம்மள ஏமாத்தும்."

பன்னிரண்டு ஸ்லைடும் போயின. பத்து நாள் கழித்து முடிவு வந்தது. அந்த அணுக்கள் எந்தக் குடும்பம் என்று காட்டும் சாயங்கள் பிடித்திருந்தன. அணுக்களுக்குள் ஒளிந்திருக்கும் வைரஸின் தடயமும் கறுகறுவென்று ஏறியிருந்தது. சந்தேகத்துக்கே இடமில்லை. இயற்கைக் கொல்லி அணு என்று ஒன்று எல்லோர் உடம்பிலும் காவலுக்கு இருக்கிறதாம். அதுதான் புற்றாக மாறியிருந்தது.

டாக்டரம்மா அடுத்து இன்னொன்று கேட்டாள். முதன்முதலில் வந்த மெழுகுக் கட்டி பெட்டியில் இருக்குமே, அதையும் ஆழமாகச் சீவிப் பார்க்கலாமா என்றாள்.

ரிப்பன் அக்காவே எடுத்தாள். அவளே சீவினாள். ஐந்தாவது ஸ்லைடு வரைக்கும் செத்த திசு. ஆறாவதை மைக்ராஸ்கோப்பில் வைத்த டாக்டரம்மா நிமிரவே இல்லை. பிறகு நாற்காலியை விட்டு எழுந்து, பாருங்க என்றாள். ஒரு ரத்தக் குழாயின் சுவரைச் சுற்றி ஊதா நிற அணுக்கள் ஈ மொய்த்ததுபோல் அடைந்துகிடந்தன. மூன்று ஆழங்களில் சீவியிருந்தால் மூன்றாவது சீவல் இந்த இடத்துக்குத்தான் வந்திருக்கும். ஐந்தரை மாதமாக அவர் நோய் அவள் மேசையிலிருந்து பத்தடி தள்ளி அந்தப் பெட்டிக்குள் இருந்திருக்கிறது.

அவள் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அழுகை வரவில்லை. கையை மட்டும் திரும்பத் திரும்பக் கழுவினாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். மூக்கோடு நிற்கவில்லை. தொடைத் தோலில் இரண்டு இடம், எலும்பு மஜ்ஜை என்று பரவியிருந்தது. புற்றுநோய் டாக்டர் சுற்றிவளைக்காத மனிதர். மூக்கோடு இருக்கும்போது வந்திருந்தால் கதிரும் மருந்தும் சேர்த்துக் கொடுத்து நம்பிக்கையோடு பேசியிருப்பேன். இப்போது மருந்து கொடுத்துப் பார்ப்போம் என்றார். பார்ப்போம் என்ற அந்தச் சொல்லை அவள் ஆஸ்பத்திரியில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மருந்து ஏற ஆரம்பித்த வாரம் அவள் தலைமை டாக்டரின் அறைக்குப் போனாள். முதல் ரிப்போர்ட்டைத் திருத்தித் தர வேண்டும் என்று கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அவளிடம் உண்மையான வருத்தத்தோடுதான் பேசினார். திருத்தி இனி என்ன பிரயோஜனம் என்றார்.  ஆனால் கணவரின் ஃபைலைத் திறக்கும் ஒவ்வொருவரும் முதல் பக்கத்தில் புற்றுநோய் இல்லை என்று படிப்பதை அவளால் தாங்க முடியவில்லை. எழுதிக் கொடுத்தாள். விசாரிக்க மூன்று பேர் கொண்ட கமிட்டி போட்டார்கள்.

கமிட்டி மதியம் கூடியது. நீண்ட மேசை, நடுவில் சுவரிலிருந்து கழற்றி வந்த விதிமுறைத் தாள், பக்கத்தில் வேலைப் பதிவேடு. அந்தத் தேதிக்கு நேராக, சீவிய ஸ்லைடு ஒன்று என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. ஆழமாகச் சீவியிருந்தால் நோய் தெரிந்திருக்குமா என்று கேட்டார்கள். தெரிந்திருக்கும் என்று புது டாக்டரம்மா சொன்னாள். உண்மையைத்தான் சொன்னாள். அந்த உண்மை மேசையைச் சுற்றி வந்து ரிப்பன் அக்காவின் தலையில் விழுந்தது. இன்னும் ஸ்லைடு ஏன் கேட்டு வாங்கவில்லை என்று தலைமை டாக்டரை யாரும் கேட்கவில்லை. என் முன்னால் வைக்கிற ஸ்லைடைத்தானே நான் பார்க்க முடியும் என்று அவரே சொல்லிவிட்டார்.

"ஒரு ஸ்லைடு போதும்னு சொன்னது நீங்கதானே டாக்டர்?" என்றாள் அவள்.

"எழுதிக் கொடுத்தேனாம்மா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. கூடத்தில் அன்று அதைக் கேட்டவர்கள் ஏழு பேர். பக்கத்து மேசைக்காரி வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டுக் கேட்டபோது, சரியாக ஞாபகம் இல்லை என்றாள். அவளுக்கும் இரண்டு பிள்ளைகள்.

ரிப்போர்ட் திருத்தப்பட்டது. ஆரம்பத்தில் போதிய ஆழச் சீவல்கள் வழங்கப்படவில்லை என்று ஒரு வரி சேர்ந்திருந்தது. அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம். அதே மேசையில் அவளுடைய இரண்டு மாத விடுப்பு விண்ணப்பமும் இருந்தது. கடிதத்தைப் பெற்றுக்கொண்டதாக அவள் கையெழுத்துப் போட்டதும் விண்ணப்பத்தில் தலைமை டாக்டரின் கையெழுத்து விழுந்தது.

அன்று மாலை வார்டில் அவருடைய கட்டிலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு ஸ்லைடோடு நிறுத்தியதை அதுவரை அவள் சொல்லியிருக்கவில்லை. அவர் விட்டத்தைப் பார்த்தபடி கேட்டார். பிறகு அவள் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை, போனிலும் எழுதவில்லை. மகள் ஊட்டினால் சாப்பிட்டார். அவள் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. அவள் அதற்குத் தயாராகத்தான் இருந்தாள். ஆனாலும் அந்த இரண்டு நாள் போல் அவள் வாழ்க்கையில் வேறு நாள் இல்லை.

மூன்றாம் நாள் காலை அவரே கையை நீட்டித் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுக் குழறலோடு பேசினார். எங்க தொழில்லயும் லிஃப்ட் விழுந்தா அட்டையில கடைசியா கையெழுத்துப் போட்டவன் தலைதான் உருளும், வடத்தை மாத்த வேணாம்னு சொன்னவன் வீட்ல டிவி பாத்துட்டிருப்பான் என்றார். அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அவர் தேற்றவில்லை. அவள் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுக் கேட்டார்.

"மத்தவங்களுக்கும் ஒண்ணுதான் போட்டியா?"

"ஆமா."

"ரெண்டு வருஷமா?"

"ஆமா."

"அப்ப உள்ள போய்ப் பாரு."

விடுப்பில் இருந்தவள் வேலைக்குத் திரும்பினாள். காலையும் மாலையும் வார்டு, பகலில் கூடம். பதிவேட்டை எடுத்து, மூக்கிலிருந்து வந்து செத்த திசு என்று ரிப்போர்ட் ஆனவற்றைக் குறித்தாள். இரண்டு வருடத்தில் பதினொன்று. சாப்பாட்டு வேளையில் மற்றவர்கள் கேன்டீனுக்குப் போனதும் ஒவ்வொரு கட்டியாக எடுத்து ஆழமாகச் சீவினாள். பிறகு ஸ்லைடுகளைப் புது டாக்டரம்மாவின் அறைக்குக் கொண்டுபோனாள். கமிட்டிக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டதில்லை. டாக்டரம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"இதுல என் வேலையும் போகலாம்க்கா" என்றாள். சொல்லிவிட்டு உட்கார்ந்து பார்த்தாள்.

ஒன்பதில் ஒன்றும் இல்லை. இரண்டில் இருந்தது. விசேஷச் சாயமும் அதையே சொன்னது.

முதலாவது ஒரு பெண்மணி. பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்தவர். டாக்டரம்மா போன் செய்தபோது மகன் எடுத்தான். அம்மா போய் எட்டு மாதமாகிறது, மூக்கில் பூஞ்சை முற்றிவிட்டது என்று சொன்னார்கள் என்றான். எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டான். டாக்டரம்மா நேரில் வரச் சொன்னாள். இனிமே வந்து என்னங்க பண்றது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

இரண்டாவது ஆள் உயிரோடு இருந்தார். முப்பத்தெட்டு வயது. சைனஸ் என்று நினைத்து நான்கு மாதமாக மூக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். கூப்பிட்ட மறுநாளே மனைவியோடு வந்தார். ஸ்கேனில் நோய் மூக்கைத் தாண்டவில்லை.

அதை அவள் கணவரிடம் சொன்னபோது அவருக்கு இரண்டாம் சுற்று மருந்து ஏறிக்கொண்டிருந்தது. "என்ன வயசு?" என்று கேட்டார். சொன்னாள். "மூக்கோட நிக்குதா?" ஆமாம் என்றாள். நல்லது என்பதுபோல் தலையை அசைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதுகு குலுங்குவதை அவள் பார்த்தாள். தொடுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் காய்ச்சல் கண்டது. ரத்த அணுக்கள் எல்லாம் ஒரேயடியாக இறங்கின, கல்லீரல் கைவிட்டது. நான்கே நாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, மகள் பல் தேய்க்கப் போயிருந்தபோது அவர் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து அவள் வேலைக்குப் போனபோது இரண்டாவது கடிதம் காத்திருந்தது. அனுமதியில்லாமல் பழைய கட்டிகளை எடுத்துச் சீவியதற்காக அவளை ரத்தம், சிறுநீர் வாங்கும் கவுன்டருக்கு மாற்றியிருந்தார்கள். புது டாக்டரம்மாவின் வேலை நிரந்தரமாகவில்லை. அவள் வேறு ஊருக்குப் போய்விட்டாள். போகும்முன் வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். 

ஏழெட்டு மாதம் கழித்து, கவுன்டரில் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டபோது அந்த முப்பத்தெட்டு வயதுக்காரர் வந்து நின்றார். சீட்டில் பெயரைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவருக்கு அவளைத் தெரியாது. உடம்பு தேறியிருந்தது. முகத்தில் கதிர் பட்ட இடம் மட்டும் சற்றுக் கறுத்திருந்தது. குரல் கணீரென்று இருந்தது. நோய் முழுக்கப் போய்விட்டதாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதுமாம் என்று கேட்காமலே அவர் மனைவி சொன்னாள். ரிப்பன் அக்கா ஊசியைச் செருகி ரத்தம் எடுத்தாள். பஞ்சை வைத்து அழுத்தி, கையை மடக்கிக்கொள்ளச் சொன்னாள். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னாள். மகள் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"அப்பா சொல்லித்தான் அவர் கட்டியைப் பாத்தேன்னு அவர்கிட்ட சொன்னியாம்மா?"

"இல்ல."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா கையெடுத்துக் கும்பிடுவான்" என்றாள் அவள். "பொண்டாட்டியும் கும்பிடுவா. அதை நின்னு வாங்கிக்க எனக்கு மனசில்ல. இவன் மட்டும் எப்படிப் பொழைச்சான்னுதான் அவன் கையைப் பிடிச்சு ஊசி குத்துறப்போ எனக்குத் தோணுச்சு."

 இருவரும் எழுந்து, காய்ந்த துணிகளை எடுத்துவந்து மடிக்க ஆரம்பித்தார்கள்.